குறைந்த நாடிக்கு முதல் டீ

ஒரு மனிதர் என் கண்ணெதிரே கொஞ்சங்கொஞ்சமாகச் செத்துக்கொண்டிருந்ததற்கு நான் வாராவாரம் கைதட்டியிருக்கிறேன். சும்மா கைதட்டியதோடு நிற்கவில்லை. அவருடைய மணிக்கட்டைப் பிடித்து, என் கடிகாரத்தைப் பார்த்து எண்ணி, எண்ணிக்கையைச் சுற்றியிருந்தவர்களுக்கு உரக்க அறிவித்து, பிறகு கைதட்டியிருக்கிறேன். அந்தக் கடிகாரத்தின் செகண்ட் முள் சிவப்பு. அது கால் வட்டம் போவதற்குள் அவருடைய நாடி பன்னிரண்டு முறை துடிக்கும். பன்னிரண்டை நாலால் பெருக்கினால் நாற்பத்தெட்டு. பெருக்கலில் நான் ஒரு நாளும் தவறியதில்லை. தவறியதெல்லாம் மற்றவற்றில்.

அவர் என் அக்காவின் கணவர், எனக்கு அத்தான். ஆவடியில் ராணுவத் தளவாடம் செய்யும் தொழிற்சாலையில் ஃபிட்டர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து அவர் அங்கே வந்து சேர்ந்ததே கால்களின் தயவால்தான். பத்தாயிரம் மீட்டர் ஓட்டத்தில் மாவட்ட அளவில் ஜெயித்த கால்கள். மைதானத்தை இருபத்தைந்து சுற்று சுற்ற வேண்டிய அந்தப் போட்டியில் தொழிற்சாலைக்காகப் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஓடினார். கோப்பைகள் தொழிற்சாலையின் கண்ணாடி அலமாரிக்குப் போயின. வீட்டுக்கு வந்தவை நாலைந்து டவல்களும் ஒரு பிளாஸ்கும். அவருக்குப் பின்னால் வந்தவர்கள் மேஸ்திரியாகி, சார்ஜ்மேனாகி, குவார்ட்டர்ஸில் பெரிய வீட்டுக்குக் குடிபோனார்கள். அவர் ஃபிட்டராகவே இருந்தார். வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. அதிகம் பேசாதவர்களைப் பற்றி நாம் எளிதில் செய்துகொள்ளும் முடிவு அது.

எண்பதுகளின் நடுவில் நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பம்ப் கம்பெனியில் டெஸ்பாட்ச் கிளார்க்காக வேலைக்குச் சேர்ந்து, அக்கா வீட்டு முன்னறையில் பாய் விரித்துக் குடியேறினேன். 'ரெண்டு மாசம்' என்று சொல்லி வந்தவன் ஆறு வருஷம் இருந்தேன். பகலில் பம்புகளை அனுப்பினேன். சாயங்காலம் வாரப் பத்திரிகைகளுக்குத் துணுக்குகளை அனுப்பினேன். பம்புகள் திரும்பி வந்ததில்லை. என்னையும் ஒரு நகைச்சுவையாளன் என்று நம்பி, நான் வாயைத் திறந்தாலே சிரிக்கத் தயாராக இருந்தவர் உலகத்தில் ஒருவர்தான் உண்டு, அவர் அத்தான். சத்தம் வராது. தோள் மட்டும் குலுங்கும். அந்தக் குலுங்கலைப் பார்ப்பதற்காகவே நான் எதையாவது சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓட்டக்காரர்கள் ஏழெட்டுப் பேர் குவார்ட்டர்ஸ் மைதானத்தில் கூடுவார்கள். ஓடி முடித்ததும் மேற்கு ஓரத்துக் குட்டைச் சுவரில் வரிசையாக உட்கார்ந்து, கால் மணி நேரம் வாய் பேசாமல் இளைப்பாறுவார்கள். பிறகு நாடி பார்க்கும் சடங்கு. யாருக்கு எண்ணிக்கை மிகக் குறைவோ அவருக்கு முதல் டீ. டீக்கடைக்காரர் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு வரும் பாய்லரிலிருந்து முதல் கிளாஸை வாங்குவதற்கு அங்கே இருந்த மதிப்பு, கண்ணாடி அலமாரிக் கோப்பைக்குக்கூட இருந்ததில்லை. இதற்குப் பின்னால் ஒரு விஞ்ஞானமும் இருந்தது. பயிற்சி கொடுத்தவர் யாரோ அவர்களுக்குச் சொல்லியிருக்கிறார்: ஓடிப் பழகிய இதயம் ஒரே துடிப்பில் நிறைய ரத்தத்தைத் தள்ளிவிடும், அதனால் அடிக்கடி துடிக்க வேண்டியதில்லை, சாதாரண ஆளுக்கு அறுபதுக்குக் குறையாத நாடி, நல்ல ஓட்டக்காரனுக்கு ஐம்பதிலும் நிதானமாக நிற்கும். இது உண்மைதான். முழுப் பொய்யாக இருந்திருந்தால் யாராவது கேள்வி கேட்டிருப்பார்கள்.

எனக்கு ஓட்டம் வராது, ஆனால் கையில் செகண்ட் முள் வைத்த கடிகாரம் இருந்தது. ஆகவே எண்ணும் உத்தியோகம் எனக்கு. முறைப்படி முழு நிமிஷம் எண்ண வேண்டும். டீ ஆறிவிடும் என்பதால் நான் பதினைந்து செகண்ட் எண்ணிப் பெருக்கினேன். கடைசியில் என் நாடியையும் யாராவது பார்ப்பார்கள், சிரிப்பதற்காக. சுவரில் சும்மா உட்கார்ந்திருந்த எனக்கு எண்பத்தெட்டு. அத்தானுக்கு நாற்பத்தெட்டு. எப்போதும் இரண்டாவதாக வருபவர் அண்ணனூர்க்காரர் ஒருவர், அவருக்கு ஐம்பத்தாறு. அத்தானோடு ஒரே செக்‌ஷனில் வேலை. அண்ணனூரில் ரயில் ஷெட்டுக்குப் பின்னால் பரம்பரையாக விவசாயம் பார்த்த குடும்பம்; நிலம் சுருங்கியதும் தொழிற்சாலைக்கு வந்தவர். பத்து வருஷமாக அத்தானின் முதுகைப் பார்த்தே ஓடியவர். "இன்னா அண்ணாத்தே, உன் நெஞ்சுல ஆளே இல்லியா, வாட்ச்மேனு மட்டும் கீறானா?" என்று ஒவ்வொரு வாரமும் கேட்பார். ஒவ்வொரு வாரமும் தோள் குலுங்கும்.

நாற்பத்தெட்டு வயதில் அத்தானின் இடது முட்டி போயிற்று. வீங்கும், வடியும், மறுபடி வீங்கும். ஓட்டத்தை விட்டுவிட்டார். ஞாயிற்றுக்கிழமையை விடவில்லை. எல்லாரும் ஓடும்போது சுவரில் உட்கார்ந்து செருப்புகளுக்குக் காவல் இருப்பார். நாடி பார்க்கும் நேரம் வந்ததும், உள்ளங்கை மேலே பார்க்க, கையைத் திருப்பித் தொடைமேல் வைத்து என் பக்கம் நகர்த்துவார். ஓடாதவருக்கு எதற்குப் போட்டி என்று யாரும் கேட்கவில்லை. கேட்க முடியாது. அந்தக் கையில் வேறு எதுவும் மிச்சமில்லை என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அப்போதும் அவரேதான் முதல். முதல் வருஷம் ஐம்பத்திரண்டு வரை போய், பிறகு நாற்பத்தெட்டுக்கு வந்தது. அப்புறம் நாற்பத்து நாலு. பதினொன்று என்று எண்ணியதை நானே நம்பாமல் இரண்டாம் முறை எண்ணிவிட்டு எழுந்து நின்று அறிவித்தேன். விசில் அடித்தார்கள். அடுத்த வருஷம் நாற்பது. அதற்கடுத்த மழைக்காலத்தில் முப்பத்தாறு. அன்றைக்கு அத்தான் முதல் டீயைக் கையில் வாங்கி எங்கள் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்த பார்வை இருக்கிறதே, பத்தாயிரம் மீட்டரில் ஜெயித்த புகைப்படத்தில்கூட அது இல்லை.

ஓட்டத்தை நிறுத்தியவனுக்கு நாடி ஏற வேண்டும். சில மாதங்களில் அது நம் எல்லாருடைய கணக்குக்கும் திரும்பிவிட வேண்டும். இவருக்கு மட்டும் இறங்கிக்கொண்டே போனால், அதை இறக்குவது ஓட்டம் அல்ல, வேறு ஏதோ ஒன்று. இதைப் புரிந்துகொள்ள டாக்டராக இருக்க வேண்டியதில்லை. துணுக்கு எழுதுகிறவனாக இல்லாமல் இருந்தால் போதும்.

புரிந்தவர் ஒருவர் இருந்தார். முப்பத்தாறு அறிவித்த அன்றைக்கு அண்ணனூர்க்காரர் விசிலடிக்கவில்லை. டீயை ஊதிக்கொண்டே, "அண்ணாத்தே, கேட்டாண்டருந்து இங்க வர்றதுக்குள்ள ரெண்டு தபா நின்னே. செவுத்தப் புட்ச்சிகினு நின்னே. நான் பாத்தேன். உனுக்கு இன்னாவோ ஆயிகீது" என்றார். எல்லாரும் அத்தானைப் பார்த்தார்கள். நான் பேசினேன். பத்து வருஷமாக முதுகைப் பார்த்து ஓடியவருக்கு முதுகு நின்றால்கூடப் பொறுக்கவில்லை என்றேன். சுவர் முழுக்கச் சிரித்தது. அண்ணனூர்க்காரர் கிளாஸைக் கவிழ்த்து மண்டியைக் கொட்டிவிட்டுப் போனார். அடுத்த இரண்டு வாரம் மைதானத்துக்கே வரவில்லை. பொறாமை என்று பேசிக்கொண்டோம்.

வீட்டில் அக்காவுக்கும் ஏதோ சரியில்லை என்று பட்டிருந்தது. சாப்பிட்டு எழுவதற்குள் அவருக்குக் கண் சொருகும். பங்குனி வெயிலில் கால் சில்லிட்டிருக்கிறது என்று போர்வை கேட்பார். ஒரு காலையில் குளியலறையில் பக்கெட்டைப் பிடித்தபடி கீழே உட்கார்ந்திருந்தார். எப்போது உட்கார்ந்தோம் என்று அவருக்கே தெரியவில்லை. அன்றைக்கு அக்கா விடவில்லை. மூன்று பேருமாகத் தொழிலாளர்களுக்கான ஆஸ்பத்திரிக்குப் போனோம். புதிதாக வந்த இளம் டாக்டர். அத்தானை ஸ்டூலில் உட்கார வைத்தார். அக்கா எதிர் நாற்காலியில், நான் சுவரோரமாக நின்றேன். டாக்டர் முழு நிமிஷம் எண்ணினார். எண்ணி முடித்ததும் கையை விடாமல் நிமிர்ந்து பார்த்தார். முப்பத்தெட்டு என்றார். விளையாட்டு வீரரா என்று கேட்டார். அத்தான் தலையசைத்தார். டாக்டரின் முகம் கொஞ்சம் தளர்ந்தது. பிறகு, கேட்க வேண்டிய ஒரே கேள்வியைக் கேட்டார்:

"இப்பவும் ஓடறீங்களா?"

அத்தான் வாயைத் திறந்தார். தன் முட்டியைக் குனிந்து பார்த்தார். இல்லை என்று சொல்வதற்கு அவருக்கு ஒரு நொடிக்குமேல் தேவைப்பட்டது. நாலு வருஷத்தையும், சுவரையும், முதல் டீயையும் தாண்டி அந்த வார்த்தை வர வேண்டியிருந்தது. அந்த ஒரு நொடிக்குள் நான் புகுந்துவிட்டேன்.

"ஓடறாரான்னா கேக்கறீங்க? ஆவடியில எலெக்ட்ரிக் ட்ரெயின் லேட்டானா, நாங்க சாப்பாட்டுக் கேரியரை இவர்கிட்டதான் டாக்டர் குடுத்தனுப்பறோம்."

டாக்டர் சிரித்தார். அத்தானின் தோள் குலுங்கியது. நல்ல துணுக்குதான், அளவு கச்சிதம், கடைசி வார்த்தையில் வெடிக்கிறது. மயக்கம் வந்ததா என்று டாக்டர் கேட்டதற்கு, வெறும் வயிற்றில் லேசாகக் கிறுகிறுத்தது என்று அத்தான் சொன்னார். தினம் ஓடுகிற உடம்புக்கு இந்த நாடி பரவாயில்லை, மறுபடி கிறுகிறுப்பு வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாமல் வாருங்கள், ஈ.சி.ஜி. எடுக்கலாம் என்று இரண்டு தடவை சொல்லி அனுப்பினார். அவர் செய்தது எல்லாம் சரி. அவர் கையில் நாங்கள் கொடுத்த தகவல்தான் போலி. கிறுகிறுப்பு மறுபடி வந்ததா என்று எனக்குத் தெரியாது. வந்திருக்கும். அத்தான் சொல்லவில்லை. தினம் ஓடுகிறவர் என்று டாக்டர் சீட்டில் எழுதிக் கொடுத்த பிறகு எப்படிச் சொல்வது?

மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை மத்தியானம். பகல் ஷிப்ட் முடிந்து, அண்ணனூர்க்காரரின் தம்பி மகளுக்குக் காதுகுத்து என்று இருவருமாகக் கிளம்பி ரயிலில் அண்ணனூரில் இறங்கி, நடைமேடையிலிருந்து பாலத்துப் படியில் ஏறியிருக்கிறார்கள். அண்ணனூர்க்காரர் பிறகு எங்களிடம் சொன்னது அவ்வளவும் மூன்று வாக்கியம்தான். "பேசிகினே வந்தாரு. பேச்சு நின்னுச்சு. திரும்பிப் பாத்தா ஆளு கீழ கீறாரு." பதினெட்டுப் படி. தலையின் பின்பக்கம் அடி.

பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் தலைக்காயத்துக்காகச் சேர்த்தவரின் நாடியைப் பார்த்து, இதய டாக்டரை அழைத்தார்கள். ஐம்பது வயதுப் பெண்மணி. ஈ.சி.ஜி. காகிதத்தை நீட்டிப் பிடித்து வெகு நேரம் பார்த்தார். பிறகு அதன் பின்பக்கத்திலேயே பேனாவால் இரண்டு மாடி வீடு மாதிரி ஒன்றை வரைந்து எனக்கும் அக்காவுக்கும் விளக்கினார். துடிக்கச் சொல்லும் உத்தரவு இதயத்தின் மேலறையில் பிறக்கிறது, கம்பிபோல ஒரு பாதை வழியே கீழறைக்கு இறங்குகிறது. இவருக்கு மேலே உத்தரவு சரியாகத்தான் கிளம்புகிறது. நடுவழியில் பாதை அற்றுப்போயிருக்கிறது. கீழறை மேலிடத்தை எதிர்பார்த்துப் பார்த்து, தன் பாட்டுக்கு முப்பது, முப்பத்தைந்து என்று துடித்துக்கொண்டிருக்கிறது. சில சமயம் அதுவும் சில நொடிகள் நின்றுவிடும். அப்போது மூளைக்கு ரத்தம் போகாது, ஆள் விழுவார். நாடி குறைவதற்குக் காரணங்கள் பல உண்டு என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ரத்தக்கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறாரா? இல்லை. தைராய்டு சுரப்பி மந்தமானால்கூட இப்படி ஆகும், உடம்பு சில்லிடும், தூக்கம் தள்ளும். அதற்கு ரத்தம் எடுத்தாயிற்று. மாரடைப்பு வந்திருக்கிறதா? இல்லை. கடைசியாக, பழைய ஆஸ்பத்திரிச் சீட்டைப் பார்த்துவிட்டு, "ஓட்டக்காரர்னு போட்டிருக்கு. கடைசியா எப்ப ஓடினார்?" என்றார்.

இந்த முறை நான் உண்மையைச் சொன்னேன். "நாலு வருஷம் ஆச்சு டாக்டர்."

அவர் பேனாவை மூடினார். "அப்ப நாலு வருஷமா இது ஓட்டத்தோட பல்ஸ் இல்லையே" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் எதிர்த்துச் சொல்ல எனக்கு ஏதாவது தோன்றியிருக்கும்.

காறை எலும்புக்குக் கீழே தோலைக் கிழித்து, தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய பேட்டரிக் கருவி ஒன்றை வைத்தார்கள். அதிலிருந்து ஒரு கம்பி இதயத்துக்குள் இறங்கியது. மேலிடத்து உத்தரவை இனி அதுதான் கொடுக்கும். இதே கருவியை மூன்று வாரம் முன்னால் வைத்திருந்தால் மறு வாரமே அவர் வேலைக்குப் போயிருக்கலாம் என்று அங்கிருந்த நர்ஸ் ஒருத்தி பேச்சுவாக்கில் சொன்னாள். அக்கா அதைக் கேட்டுக்கொண்டு இட்லிப் பொட்டலத்தின் நூலைப் பிரித்தாள். தலைக்குள் கசிந்த ரத்தத்தை எந்தக் கருவியாலும் எடுக்க முடியவில்லை. அத்தான் கண்ணைத் திறப்பார், ஆனால் பார்க்க மாட்டார். ஒரு மத்தியானம் நான் தனியாக இருந்தபோது பழக்கதோஷத்தில் அவர் மணிக்கட்டைத் தொட்டேன். கை மெல்லத் திரும்பி, உள்ளங்கை மேலே பார்த்து நின்றது. அத்தானா செய்தார், கையே செய்ததா, எனக்குத் தெரியாது. வாழ்க்கையில் முதல்முறையாக முழு நிமிஷம் எண்ணினேன். எழுபது. கடிகாரம்போல எழுபது. எங்கள் எல்லாரையும் போல அவருக்கும் துடித்தது. பத்தொன்பதாம் நாள் நுரையீரலில் சளி கட்டிப் போய்ச் சேர்ந்தார். ஐம்பத்திரண்டு வயது.

காரியம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை நான் ஏன் மைதானத்துக்குப் போனேன் என்று இன்றுவரை விளங்கவில்லை. எல்லாரும் சுவரில் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் கையை நீட்டவில்லை, நானும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. டீக்கடைக்காரர் முறைப்படி முதல் கிளாஸை அண்ணனூர்க்காரரிடம் நீட்டினார். அவர்தான் இப்போது மிகக் குறைந்த நாடிக்காரர். அவர் அதை வாங்கி என் கையில் வைத்து, "எனுக்கு வாணாம் நைனா. நீயே குடி. உன்னுதுதான் சோக்கா அடிக்குது" என்றார். பத்து வருஷம் இரண்டாவதாக வந்தவர் ஜெயித்த ஒரே போட்டி அதுதான் என்று நினைக்கிறேன். அதன்பின் நான் அம்பத்தூரிலேயே ஒரு அறை பார்த்துக்கொண்டு போய்விட்டேன்.

இப்போது எனக்கு அத்தானைவிட ஆறு வயது அதிகம். அவரைவிட மூத்தவனாகிவிட்டதே ஒரு மரியாதைக்குறைவு மாதிரி இருக்கிறது. ரத்தக்கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். போன மாதம் என் டாக்டர் நாடியைப் பார்த்து ஐம்பது என்றார். தினமும் ஓடுவதுண்டா என்று கேட்டார். பஸ்ஸுக்குக்கூட ஓடுவதில்லை, மாடியேறினால் மூச்சு வாங்குகிறது, இரண்டு தடவை தலை சுற்றியது என்று வரிசையாக ஒப்பித்தேன். சிரிக்க எதுவும் சொல்லவில்லை. மாத்திரைதான் காரணம், இந்த வகை மாத்திரை இதயத்தை நிதானப்படுத்தும், சிலருக்கு ரொம்பவே நிதானப்படுத்திவிடும் என்று சொல்லி வேறொன்று எழுதிக் கொடுத்தார். பத்து நாளில் அறுபத்தெட்டுக்கு ஏறிவிட்டது. அவ்வளவுதான் விஷயம். ஒரு கேள்வி, ஒரு நேரான பதில்.

அறுபத்தெட்டு என்று கேட்ட அன்றைக்கே அக்காவைப் பார்க்கப் போனேன். மகளோடு பாரிவாக்கத்தில் இருக்கிறாள். மாடியிலிருந்து பார்த்தால் ஏரிக்கரை வரை வீடுகள்தான். அத்தனை வருஷத்தில் அவளிடம் நான் இதைப் பேசியதில்லை. பூந்தமல்லி பஸ்ஸில் வரும்போதே வாக்கியங்களைத் தயார் செய்துகொண்டேன். இத்தனை வருஷம் எழுதியும் என்னிடம் வந்து சேராத கனமான வாக்கியங்கள். அவள் முறத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அத்தான் இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார், நான்தான் குறுக்கே விழுந்தேன், ஒரு சிரிப்புக்காக அவரைக் கொன்றவன் நான் என்றேன். அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அல்லது மன்னிப்பாள் என்று. இரண்டுக்கும் என்னிடம் பதில் இருந்தது.

அவள் ஒரு கொத்தை உருவி முடித்துவிட்டு, காம்பைத் தனியே போட்டாள்.

"அவுக ஓடி நாலு வருசம் ஆச்சுன்னு எனக்குத் தெரியாதாக்கும்? நானும் அந்த ரூமுலதானல இருந்தேன். டாக்டரு சிரிச்சதும் எனக்கும் பெருமையாத்தான் இருந்துச்சு, வாயத் தெறக்கல." அடுத்த கொத்தை எடுத்தாள். "எல்லாத்தையும் நீ ஒருத்தனே செஞ்சு கிழிச்ச மாதிரி பேசாத."